பூவிடம் நான் கேட்ட அரைகுறைக் கேள்வி

அம்மனை நம்புகிற உங்களிடம் இதைச் சொல்லாவிட்டால் என் மனது ஆறாது.

பாலவனத்தத்தில் எங்கள் அப்பா கட்டிய வீடு இருக்கிறது. அவர் காலமான பின் பட்டா என் பெயரிலும் அண்ணன் பெயரிலும் கூட்டாக இருக்கிறது, பாகம் பிரிக்கவில்லை. நான் திருச்சுழியில் வாழ்க்கைப்பட்டேன். அண்ணன் அருப்புக்கோட்டையில். பூட்டிக் கிடந்த அந்த வீட்டில் பூக்கட்டிப் பிழைக்கும் செல்வியையும் அவள் மகளையும் நான்தான் குடிவைத்தேன்.

தை மாதக் கடைசியில், வீட்டைக் குடோனுக்கு விடப்போவதாகச் சொல்லி, பத்து நாளில் காலி செய்யும்படி அண்ணன் அவளிடம் சொல்லிவிட்டார். செல்வி என்னிடம் ஓடி வந்தாள். "யக்கா, புள்ளைக்குப் பிளஸ் டூ பரிச்சை வருது. இப்பப் போயி எங்கிட்டு வீடு தேட?"

அண்ணனிடம் போனில் கேட்டேன். "உன்னயத்தான் கட்டிக் குடுத்தாச்சுல்ல? நீ என்ன பங்காளியா?" என்றார்.

எங்கள் தெருக் காளியம்மன் கோவிலில் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துப் போட்டு, பூக்கட்டிப் பார்த்தேன். சிவப்பு வந்தால் அண்ணன் மேல் கேஸ் போடுவது, வெள்ளை வந்தால் கூடாது. பூசாரி எடுத்த பொட்டலத்தில் வெள்ளை. தாயே, நீயும் கைவிட்டுவிட்டாயே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பூசாரி விவரம் கேட்டுவிட்டுச் சிரித்தார். "கேஸு வேணாம்னுதானத்தா சொல்லிருக்கா. வீட்ட விட்டுக் குடுக்கவான்னு நீயும் கேக்கல, அவளும் சொல்லல."

அது அம்மன் வாக்காகவே எனக்குப் பட்டது. கேஸ் போட அல்ல, என் உரிமை என்னவென்று தெரிந்துகொள்ள, மறுநாள் அருப்புக்கோட்டைக் கோர்ட்டில் இலவச சட்ட உதவி செய்யும் வக்கீலம்மாவைப் பார்த்தேன்.

"பாகம் பிரிக்கிற வரைக்கும் ஒவ்வொரு செங்கல்லுலயும் ரெண்டு பேருக்கும் உரிமை உண்டும்மா. நீங்க ஆட்சேபிச்சா உங்க அண்ணன் தன்னிச்சையாக் காலி பண்ண முடியாது. ஆனா அவரக் கேக்காம நீங்க ஆள் வச்சதும் சரியில்ல."

கடைசிச் சொல் சுருக்கென்றது. அங்கிருந்து நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

"உன்னக் கேக்காமக் குடிவச்சது என் தப்புண்ணே. அதே மாதிரி, என்னக் கேக்காம நீ காலி பண்ணவும் ஏலாதாம்."

"ஏத்தா, திருச்சுழியில வக்கீலுக்குப் படிச்சியாக்கும்?"

மதினி குறுக்கே வந்தார். "அவுக பேரும் பட்டாவுல இருக்குல்ல? நாளைக்கு நம்ம மக வந்து கேட்டாலும் இப்படித்தான் பேசுவீகளா?"

"பரிச்சை முடியட்டும்" என்றார் அண்ணன்.

அந்த வாரமே பாலவனத்தம் வந்தார். "இனிமே எதுனாலும் எங்க ரெண்டு பேத்தையும் கேட்டுக்க" என்று செல்வியிடம் அவரே சொன்னார். பிள்ளை நிம்மதியாகப் பரீட்சை எழுதினாள். பாகம் பிரிப்பதா, வாடகைக்கே விடுவதா என்று நாங்கள் இப்போது சேர்ந்து உட்கார்ந்து பேசுகிறோம். நானும் அவரைக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிணக்கு இருந்தால் தாயிடம் முறையிடுங்கள். பிறகு உடன்பிறந்தவர் வீட்டுக்குப் பஸ் ஏறுங்கள். அவள் கூடவே வருவாள்.