மணிப்பூவின் மகிமை

செடி விற்கும் நர்சரியில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது என்பதால் முதலாளி வைத்த பெயர். அவளோ அதைப் பட்டம் மாதிரிச் சுமந்து திரிந்தாள். வாடிப்போன ரோஜாவைக்கூட, "புகுந்த வீட்டுக்கு வந்த பொண்ணு மாதிரிம்மா, பழகிட்டா தலை தூக்கிடும்" என்று பேசியே தள்ளிவிடுவாள்.

விலைபோகாமல் மூலையில் நின்றது ஒரு வகைச் செடி மட்டும்தான். ஊமத்தைக்கு ஒன்றுவிட்ட தங்கை. பூ மட்டும் மணியைப் போலத் தலைகீழாகத் தொங்கும். பொழுது சாய்ந்தால் மணக்கும். ஊமத்தை உறவு என்று தெரிந்தால் யார் வீட்டில் சேர்ப்பார்கள்? ரேடியோ அதற்கு மணிப்பூ என்று பெயர் சூட்டினாள். ஒரு நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்த பெண்ணிடம், "படுக்கையறை ஜன்னல்ல வைம்மா. இந்த வாசத்துக்கு, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டவங்க தானா திரும்பிடுவாங்க" என்று அளந்துவிட்டாள். அந்த வாரமே மூலை காலி. ரேடியோ மட்டும் அந்தச் செடியைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள்.

கதை சும்மா இருக்குமா? தையல் கடை, பஸ், குழாயடி என்று சுற்றி, போகிற வழியில் கைகால் முளைத்து, கடைசியில் அவளுடைய அண்ணியின் காதுக்கே வந்து சேர்ந்தது. அண்ணன் பல மாதமாக அண்ணியிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அண்ணி, பாவம், பக்கத்து வீட்டுத் தொட்டியிலிருந்து பூவைப் பறித்து அவனுடைய டீயில் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

ரேடியோ ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது, அண்ணன் போர்வையில் இல்லாத நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தான். பாவை விரிந்து கண் முழுக்கக் கறுப்பு.

"அண்ணா, நான்தான்."

"யாரும்மா நீ? என் தங்கச்சி பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரம். வழி விடு, கூட்டிட்டு வரணும்."



மறுநாள் தெளிந்துவிட்டான். தண்ணீர் கேட்டு, அண்ணி கையாலேயே வாங்கிக் குடித்தான். இனி பயமில்லை என்றார் டாக்டர். வராந்தாவில் அண்ணி ரேடியோவின் கையைப் பிடித்துக்கொண்டு உடைந்துபோனாள்.

"செடி கொடி தெரிஞ்ச நீ வீட்டுலயே இருக்க. உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம விட்டேனே! என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

  ரேடியோவை வெட்கம் பிடுங்கித் தின்றது. அண்ணி பிடித்திருந்த கையை உருவிக்கொள்ளக்கூடத் துணிச்சல் இல்லை.

"ஏதோ நர்சரியில ஒருத்திதான் முதல்ல கிளப்பிவிட்டாளாம். உனக்குத்தான் அந்தத் தொழில்ல எல்லாரையும் தெரியுமே, அந்தப் பாவி யாருன்னு விசாரிச்சுச் சொல்லு. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நான் நாலு கேள்வி கேட்கணும்."

"சரி அண்ணி, விசாரிக்கிறேன்" என்றாள் ரேடியோ.