முன்வரிசையில் பிடித்த இடம்

எங்கள் சனம் கலியாணவீட்டுக்கே சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் போகும். ஆனால் மகள் ட்ரம்போன் என்ற பெரிய பித்தளைக் குழலை வாசித்த அன்று, ரொறன்ரோ நகரத்துத் தேவாலயத்தின் கதவு திறக்க முன்பே என் கணவர் வாசலில் நின்றார். பிக்கரிங்கிலிருந்து வரவிருந்த தன் தங்கை குடும்பத்துக்கும் சேர்த்து, முன்வரிசை முழுக்க எங்கள் குளிர் ஜக்கெற்றுகளை விரித்து இடம் பிடித்தார். இருக்க வந்த வெள்ளைக்காரர்கள் மரியாதையாகச் சிரித்துவிட்டுப் பின்னுக்குப் போனார்கள்.

அக்கவுன்டிங் படிப்பை விட்டுவிட்டு இசை படிக்கட்டுமா என்று மகள் கேட்டிருந்தாள். "ஒருக்கா வந்து கேக்கிறன், பிறகு சொல்லுறன்" என்று இவர் சொல்லியிருந்தார். அதுவரை அவளுடைய அறைக்கு வெளியே நின்று "மாடு கத்துறமாதிரிக் கிடக்கு" என்று சொன்னதுதான் இவருடைய இசை விமர்சனம். இவர் மாட்டேன் என்றால் அவள் மறுபேச்சில்லாமல் அக்கவுன்டிங்குக்கே திரும்பிவிடுவாள். அதுதான் எனக்குப் பயம்.

கச்சேரி தொடங்கியது. முன்னால் ஒரு குழு, இடப்பக்கச் சுவரோரம் ஒரு குழு. இரண்டிலும் மகளைக் காணவில்லை. அந்தக் காலத்து வெனிஸில் வாத்தியக்காரர்களை மூலைக்கு மூலை நிறுத்தி, ஒரு குழு கேட்க மற்றது பதில் சொல்ல வாசிப்பார்கள் என்று அவள் எத்தனையோ தரம் விளக்கியிருந்தாள். "எங்கட வீட்டிலயும் குசினி, மேல்மாடி, பேஸ்மென்ற் எண்டு மூண்டு இடத்தில நிண்டு கத்தித்தானே கதைக்கிறம், உதுக்கு ஏன் வெனிஸ்?" என்று இவர் கேட்டது மட்டுமே எனக்கு நினைவிருந்தது.

அப்போது எங்களுக்குப் பின்னால், உயரத்து மாடத்திலிருந்து மகளின் குழு பதில் வாசித்தது. இவர் சடாரென்று எழும்பித் திரும்பினார். மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முழுச் சபையையும் பார்த்தபடி நின்றார். எனக்கு மானம் போனது.

"இருங்கோ" என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"பேசாமல் இரும். பிள்ளை வாசிக்கிறாள்."

மற்றக் குழுக்கள் வாசித்தபோதும் இவர் திரும்பவில்லை. இவரும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்றே வந்தவர்கள் நினைத்திருப்பார்கள். தங்கையின் கணவர் மட்டும் முன்னால் நின்ற குழுவில் வாசித்த மொட்டைத்தலைக்காரர் ஒருவரைக் கடைசிவரை வீடியோ எடுத்தார்.

முடிந்ததும் மகள் படியிறங்கி ஓடிவந்தாள். உதட்டில் வாத்தியம் அழுத்திய சிவப்பு வளையம்.

"எப்பிடி அப்பா? ஓகேயா?"

"உன்ர பக்கம் வடிவாக் கேட்டுது. மற்ற ரெண்டு பகுதியும்தான் இடையில இடையில குழப்பினவை."

ஜக்கெற்றுகளைப் பொறுக்கிக்கொண்டே மாடத்தை நிமிர்ந்து பார்த்தார். "அங்க மேல ஆக்கள் இருக்க விடுவினமோ எண்டு கேள். நீ உதைப் படிச்சு முடிக்குமட்டும் நான் வரவேணுமெல்லோ. அடுத்தமுறை வெள்ளன வந்து அங்க இடம் பிடிக்கிறன்."