இரண்டாவது கியரைத் தாண்டாத வண்டி

மேல்கூரையைத் திறந்து மூடக்கூடிய பழைய கார் ஒன்று வாங்க வேண்டும் என்று என் கணவர் சொன்னபோது, பாப்பாவின் சீட்டை அதில் பத்திரமாக மாட்ட முடிந்தால் வாங்கலாம் என்று நிபந்தனை போட்டேன். அதைக் குழந்தைக்காகப் போட்டேனா, அவரைத் தடுப்பதற்காகப் போட்டேனா? ஒன்றரை மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் பதில் தெரியவில்லை.

அவர் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்துகிறார். பத்து வருடமாகக் குறுக்கே வெட்டிவைத்த இன்ஜினைக் காட்டி மாணவர்களுக்கு விளக்குகிறவர், வேலைக்குப் போவது ஸ்கூட்டரில். முன்பு ஒரு மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். நான் ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தபோது அதை விற்றுவிட்டார். விற்கச் சொல்லி நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. தினமும் சாப்பாட்டு நேரத்தில் செய்தித்தாளிலிருந்து விபத்துச் செய்திகளை வாசித்துக் காட்டினேன், அவ்வளவுதான். பிறகு, நண்பர்களோடு கிணற்றில் நீந்தப் போவது நின்றது. மலையேறப் போவது நின்றது. எங்கள் மகளுக்கு இப்போது இரண்டு வயது. இந்த இரண்டு வருடத்தில் அவர் கேட்ட எதற்கும் நான் சரி என்று சொன்னதாக நினைவில்லை. அதனால் ஆனி மாதத்தில் ஒரு நாள் கைபேசியில் அந்தப் பழைய காரின் படத்தைக் காட்டி, சும்மா பார்க்கச் சொன்னபோது, இதற்கும் வேண்டாம் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. நிபந்தனையோடு சரி என்றேன்.

எங்களிடம் கார் கிடையாது. குழந்தையை உட்கார வைத்துக் கட்டுகிற கார் சீட் மட்டும் இருக்கிறது. மூன்று வாரம் படித்து, ஒப்பிட்டு, நான் வாங்கியது. வாடகைக் காரில் போகும்போது அதைத் தூக்கிக்கொண்டு போவேன். நான் அதை மாட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடியும் மாட்டுவதற்குள் பொறுமை இழந்து வேறு சவாரிக்குப் போய்விட்ட டிரைவர்கள் உண்டு. அப்படிப் படித்ததில்தான் தெரிந்துகொண்டேன்: அந்தக் காலத்து வண்டிகளில் சீட் பெல்ட் கிடையாது. பெல்ட் இல்லாமல் குழந்தை சீட்டை மாட்ட முடியாது. ஆகவே நிம்மதியாகச் சரி சொன்னேன். அவரும் உடனே ஒப்புக்கொண்டார். அவர் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

மதுரைப் பக்கம் இந்த மாதிரி வண்டிகள் எங்கே இருக்கும் என்று கேட்டால் எல்லோரும் ஒரே இடத்தைத்தான் சொல்கிறார்கள்: கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிறவர்களின் ஷெட். மாப்பிள்ளை அழைப்பன்று பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை மாப்பிள்ளையை உட்கார வைத்து ஊர்வலம் வருகிற திறந்த கார்கள். ஆடி மாதத்தில் கல்யாணம் இல்லாததால் அவை சும்மா நிற்கும், உரிமையாளர்களும் நின்று பேசுவார்கள். அதனால் ஆடியில் ஒவ்வொரு ஞாயிறும் கிளம்பினோம். நாங்கள் இருக்கும் ஆனையூரிலிருந்து ஷேர் ஆட்டோவில், கார் சீட் என் மடியிலும் குழந்தை அவர் மடியிலுமாக.

முதல் வண்டி விளாங்குடியில் ஒரு பூ அலங்காரக்காரருடையது. வெள்ளை நிறம். முன்னால் ஒரு மயில், அதன் தோகை முழுக்கக் குட்டி பல்புகள். மழை வந்தால் மூட வேண்டுமே, கூரை எங்கே என்று கேட்டேன். அறுத்தாச்சு என்றார். அது திறந்து மூடுகிற வண்டியே அல்ல. சாதாரண டாக்ஸியின் கூரையை அறுத்தெடுத்து, அறுத்த விளிம்பில் சிவப்பு வெல்வெட் ஒட்டியிருந்தார்கள். என் கணவர் துக்க வீட்டுக்கு வந்தவர் போல நின்றார். கதவைத் திறக்கப் பார்த்தால் திறக்கவில்லை. கூரை போன பிறகு வண்டியின் உடம்பு நடுவில் மடங்கிவிடாமல் இருக்கக் கதவுகளைச் சேர்த்துப் பற்றவைத்திருக்கிறார்கள் என்று எனக்கு விளக்கினார்.

"அது மட்டுமில்ல தம்பி, மாப்ள இறங்கி ஓடிரக் கூடாதுல்ல" என்றார் பூக்காரர்.

கதவே திறக்காத வண்டி ஒருவகையில் பாதுகாப்புதான் என்று எனக்கு ஒரு நிமிடம் தோன்றியது. டேப்பை எடுத்துப் பின்சீட்டை அளந்து நோட்டில் எழுதிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு பார்த்ததும் அறுத்த வண்டிதான். அதற்கு மயிலுக்குப் பதில் அன்னம். ஷெட்டை விட்டு வெளியே வந்ததும் நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். மனதார வருத்தப்பட்டுத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது வண்டி பரவையில், மார்க்கெட்டுக்குப் பின்னால். உரிமையாளர் ஐம்பது வயதைத் தாண்டியவர், பந்தல் கான்ட்ராக்டர். தார்ப்பாயை அவர் இழுத்ததும் என் கணவர் குனிந்து கூரையின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். இது அறுத்தது அல்ல. கித்தான் துணியில் மடக்குக் கூரை, அதன் இரும்புச் சட்டம், பொத்தான்கள் எல்லாம் அப்படியே இருந்தன. எங்கள் இருவரின் பெற்றோரையும்விட அந்த வண்டிக்கு வயது அதிகம். ஆனால் மேலே ஒரு கீறல் கிடையாது.

"இம்புட்டு வருசத்துல இது செகண்ட் கியரைத் தாண்டுனதில்ல தம்பி" என்றார் பந்தல்காரர். நாதஸ்வரக்காரருக்குப் பின்னால் போகிற வண்டி எவ்வளவு வேகம்தான் போகும்? அரை கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் கடந்தே அது பழகியிருக்கிறது. கிளட்ச் பிளேட் மட்டும் வருடத்துக்கு ஒன்று தேயுமாம். இப்போது ஏன் விற்கிறார் என்று கேட்டோம். இந்தக் காலத்து மாப்பிள்ளைகள் புது வண்டியின் கூரையில் இருக்கிற ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள், இதை யார் கேட்கிறார்கள் என்றார். ஆவணியில் ஒத்துக்கொண்ட முகூர்த்தங்களை முடித்துவிட்டுத்தான் கொடுப்பார், ஆனால் ஆடி முடிவதற்குள் நாங்கள் வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

நான் கார் சீட்டை எடுத்துப் பின்னால் வைத்தேன். அங்கே ஒரு விஷயம் இருந்தது. தெருவில் நிற்கிற எல்லோருக்கும் மாப்பிள்ளை தெரிய வேண்டும் என்பதற்காகப் பின்சீட்டின் அடியில் பலகை கொடுத்து அரை அடி உயர்த்தியிருந்தார்கள். அதன்மேல் என் சீட், அதன்மேல் குழந்தை. அவள் தலை முன்கண்ணாடிக்கும் மேலே போய்விட்டது. பெல்ட்டும் இல்லை. இரண்டு காரணங்கள் கிடைத்துவிட்டன. நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். கீழேயிருந்து குரல் மட்டும் வந்தது. பலகையைக் கழற்றிவிடலாம். சேஸிஸ் உறுதியாக இருக்கிறது, நான்கு போல்ட் போட்டால் பின்னால் பெல்ட் வந்துவிடும், ஒரு நாள் வேலை.

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"நீ கண்டிசன் போட்டன்னைக்கே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

அவர் வெளியே வந்து சட்டையைத் தட்டினார். "சொன்னா நீ வேற கண்டிசன் போட்டிருப்ப. இப்பன்னா மூணு ஞாயிறு என்கூட வெளிய வந்திருக்க."

அதற்கு எனக்குக் கோபம் வந்ததா, வேறு ஏதாவது வந்ததா என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பந்தல்காரர் ஓட்டிப் பார்க்கலாம் என்றார். மற்றவர் கைக்கு வண்டி பழகவில்லை, அவரே ஓட்டுவார். நாற்கரச் சாலைக்குப் போகக் கூடாது என்றேன். போகாது என்றார். சீட்டை லாரியில் சுமை கட்டுகிற பெல்ட்டால் இறுக்கிக் கட்டினார் என் கணவர். அந்த பெல்ட்டை அவர் வீட்டிலிருந்தே பையில் கொண்டுவந்திருந்தார். நான் மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. நான் பக்கத்திலேயே நடந்து வருகிறேன் என்றேன்.

பந்தல்காரர் இதைக் கொஞ்சமும் வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வண்டிக்குப் பக்கத்தில் ஆட்கள் நடப்பதுதானே வழக்கம்.

அப்படித்தான் மார்க்கெட் தெருவில் போனோம். முன்னால் அவரும் என் கணவரும். என் கணவர் கண்ணை மூடி இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால், எல்லோருக்கும் மேலே என் மகள். காலையில் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்ததால் பட்டுப்பாவாடை, தலையில் பூ, நெற்றியில் சந்தனம். பக்கத்தில் பட்டுச் சேலையில் நான், ஒரு கையால் சீட்டைப் பிடித்தபடி. எனக்கு ஒருமுறைகூட மூச்சு வாங்கவில்லை. வண்டி என்னைவிட மெதுவாகத்தான் போனது.

டீக்கடையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஆடியில் கல்யாணம் இருக்காது. பட்டுப்பாவாடை கட்டிய குழந்தை ஊர்வலம் வந்தால் அது ஒன்றாகத்தான் இருக்க முடியும். காய்கறிக் கூடையோடு நின்ற ஒரு அம்மா சத்தமாகக் கேட்டார்.

"என்ன விசேசம், காதுகுத்தா?"

நான் விளக்கத் தொடங்கினேன். நிறுத்தி நிறுத்தி எடுத்தால் கிளட்ச் சூடாகிவிடும் என்பதால் பந்தல்காரர் முந்திக்கொண்டு, "ஆமாத்தா" என்று சொல்லிவிட்டார். நானும் சிரித்துவைத்தேன். ஏன் சிரித்தேன்? மறுத்திருக்கலாம். படித்தவள்தானே. ஆனால் தெருவே நம்மைப் பார்த்துச் சிரிக்கும்போது சிரிக்காமல் இருப்பது மரியாதையில்லை என்று தோன்றியது. என் மகள் எல்லோருக்கும் கையாட்டினாள். தெரு முனையில் ஒருவர் அவளுக்கு ஒரு பன் கொடுத்தார்.

சாயங்காலம் சோழவந்தானிலிருந்து என் அண்ணன் போனில் கூப்பிட்டான். காய்கறிக் கூடை வைத்திருந்த அம்மா, என் அண்ணிக்கு ஏதோ வகையில் சித்தி முறையாம்.

"யாரு மடியில வச்சுக் குத்துனீங்க?" என்று ஆரம்பித்தான்.

காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இதற்கு மேல் பெரிய உரிமை எதுவும் இல்லை. மகள் பிறந்த அன்றே கம்மலுக்குச் சொல்லிவைத்தவன் அவன். வண்டி பார்க்கத்தான் போனோம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"வண்டி பாக்கப் போறவ பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை கட்டி, கூடவே நடந்தா போவா? மாமன் உசுரோட இருக்கேன்ல?"

வேறு வழியில்லாமல் வீடியோவில் கூப்பிட்டு மகளின் காதுகளைக் காட்டினேன். "அந்தக் காதைத் திருப்பு" என்றான். திருப்பினேன். இரண்டிலும் துளை இல்லை என்று உறுதியான பிறகு என் முகத்தைக் காட்டச் சொன்னான். அடுத்த கேள்வி எனக்குத் தெரிந்ததுதான். ஏன் இன்னும் குத்தவில்லை? சீழ் வைக்கும், எந்த வயது நல்லது, எந்த ஊசி நல்லது என்று படித்துப் படித்து மூன்று முறை தள்ளிப்போட்டிருக்கிறேன். அன்றைக்குத் தள்ளிப்போட முகம் இல்லை. ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

அவன் உடனே சமாதானமாகிவிட்டான். ஆனால் ஊரே பார்த்த ஊர்வலத்தை மாமன் இல்லாமல் நடத்தியாயிற்றே. அதே வண்டி வேண்டும், அதே தெருவில் வர வேண்டும், பிள்ளை அவன் மடியில் உட்கார்ந்து வர வேண்டும். கார் சீட் பற்றி மெதுவாகச் சொன்னேன். அது என்ன என்று கேட்டான். சொன்னேன்.

"ஏத்தா, மாமன் மடியவிட அந்தப் பிளாஸ்டிக் பெருசா?" என்றான். அதில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

இதையெல்லாம் என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வண்டியைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை. கைபேசியில் அந்தப் படத்தை மட்டும் அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறார். விசேஷத்துக்கு முன்னால் வண்டியை நாங்கள் வாங்குவதாக வார்த்தை சொன்னால், பலகையைக் கழற்றிப் பெல்ட் போட்டுக்கொள்ளப் பந்தல்காரர் சம்மதிப்பார். அப்போது சீட்டை மாட்டலாம், அண்ணன் மனசு உடையும். வாங்காமல் வாடகைக்கு எடுத்தால் பலகையும் இருக்கும், பெல்ட்டும் இருக்காது, பிள்ளை அண்ணன் மடியில்தான். அப்படி ஒருமுறை விட்டுவிட்டால், அதற்குப் பிறகு சீட்டைக் காரணம் காட்டி என் கணவரிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் ஏது? எந்தப் பக்கம் போனாலும் வண்டி எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. நான் போட்டுப் பார்த்த கணக்கு எல்லாம் அங்கேதான் முடிகிறது.

ஆடி முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. பிள்ளைகளை வளர்த்தவர்கள், முடிந்தால் பழைய வண்டி வைத்துக்கொண்டு பிள்ளைகளை வளர்த்தவர்கள், எனக்கு ஒன்று சொல்லுங்கள். நடக்கிற வேகத்தில், அரை கிலோமீட்டர், பெல்ட் இல்லாத வண்டியில், தாய்மாமன் மடியில் இரண்டு வயதுக் குழந்தையை விடலாமா? விடலாம் என்றால், நான் பக்கத்தில் நடந்தால் போதுமா? கூடாது என்றால், அதை என் அண்ணனிடம் எந்த வார்த்தையில் சொல்வது? தயவுசெய்து எழுதுங்கள். முடிந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள்.