இஸ்திரிப் பெட்டி நுழையாத இடம்

என் அக்காவின் கணவரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அளவுக்காரர் என்றுதான் சொல்வார்கள். ஆள் கடைக்குள் நுழையும்போதே தோள் இத்தனை, இடுப்பு இத்தனை என்று கண்ணால் எடுத்துவிடுவார். அப்புறம் டேப்பைப் போடுவதெல்லாம் வந்தவரின் திருப்திக்காக. வீட்டின் முன்னறைதான் கடை. அவர் வெட்டுவார், தைப்பார். காஜா, பட்டன், ஓரம் மடிப்பது எல்லாம் அக்கா. நடுவில் ஒரு நீளமான வெட்டுமேசை. அந்த மேசையின் இரண்டு பக்கமும் நின்றபடியே நாற்பது வருடம் சண்டை போட்டு, சமாதானமாகி, ஒரு பெண்ணையும் வளர்த்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

நான் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். நட்டும் போல்ட்டும் இல்லாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும் எதையும் நம்பாதவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் பேசிய ஒரு பேச்சுக்கு வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

அறுபத்திரண்டாவது வயதில் மாமாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் டம்ளரில், பிறகு கத்திரியில். டாக்டர் பார்த்துவிட்டு, உயிருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் இது போகாது, பழகிக்கொள்ளுங்கள் என்றார். ஒருநாள் ஒரு கோட்டின் காலரை வெட்டும்போது கத்திரி விலகியது. அவர் அந்தத் துணியை மடித்து வைத்தார், டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து ஆணியில் மாட்டினார், ஷட்டரை இறக்கினார். அவ்வளவுதான். மூன்று மாதம் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. சாப்பிடும்போது வலது கையை இடது கையால் பிடித்துக்கொள்வார், நாங்கள் பார்க்கிறோமா என்று பார்ப்பார். நாங்கள் சுவரைப் பார்ப்போம்.

பழைய வாடிக்கையாளர் ஒருவர் படகுப் பைத்தியம். அவர்தான் அந்த வரைபடத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். மெல்லிய பிளைவுட் பலகைகளை வெட்டி, ஓரத்தில் துளை போட்டு, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைத்து, மூலையெல்லாம் எபாக்சிப் பசையால் நிரப்பினால் பன்னிரண்டு அடிப் படகு. ஆணியே கிடையாது. மற்றதெல்லாம் மாமாவின் காதில் விழுந்ததோ என்னவோ, தைத்து என்ற சொல் விழுந்துவிட்டது.

"ஊசியில நூல் கோக்க வேண்டாம் மாப்ள. கம்பியே ஊசி, கம்பியே நூல். துளை பென்சில் கனம் இருக்கு. இதுகூட முடியலன்னா நான் எதுக்கு?" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எனக்குப் புரிந்தது. படகு நின்றால் கை இன்னும் கைதான். நிற்காவிட்டால், டேப்போடு கையையும் ஆணியில் மாட்டிவிடுவார்.

அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "முடிஞ்சா என்னை ஏத்திக்கிட்டுப் போவீங்களா?"

"நீ ஏறுவியா? வாளித் தண்ணியப் பாத்தாலே பயப்படுற ஆளு!"

"ஏறுறேன்னு சொல்றேன்ல."

படகைக் கட்டி முடித்தபின் வாசல் வழியாக எப்படி வெளியே எடுப்பீர்கள் என்று தெருவே கேட்டது. கடை ஷட்டர் ஏழு அடி அகலம், படகு நாலடி. அளவுக்காரரிடம் போய் இதைக் கேட்டார்கள் பாருங்கள்.

பலகைகளை வெட்டுவதற்கு மின்சார ரம்பம் பிடித்தது நான். மற்ற எல்லாம் அவர். ஓரத்திலிருந்து அரை அங்குலம் தள்ளி, துளைக்கான கோட்டைத் தன்னுடைய நீல மெழுகுச் சாக்பீஸால் போட்டார். துணிக்குப் போடுகிற அதே சாக்பீஸ்தான். பென்சில் இருக்கிறதே என்றேன். "இதுதான் கைக்கு வரும்" என்றார். கோடு கொஞ்சம் அலைந்தது. அதன் மேலேயே இன்னொரு கோடு, அதன் மேலே இன்னொன்று என்று அழுத்தி அழுத்திப் போட்டார். துளை போட்டு, கம்பி கோத்து, வெளியே முறுக்கி முறுக்கித் தைத்தார். பத்து நாளில் வெட்டுமேசை மேல் ஒரு படகு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது.

அந்த வாரம் வீட்டில் ஒரு சண்டை. அக்கா, மாமாவின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட, காலரில் பழுப்பாக ஒரு கறை. பெட்டியின் அடியில் ஏதோ ஒட்டியிருந்தது. "பெட்டிய யாரு தொட்டது?" என்று அவள் கத்த, மாமா நல்ல பிள்ளையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் டீயைக் குடித்துவிட்டு நழுவிவிட்டேன்.

பிறகு பசை வேலை. இரண்டு டப்பா: ஒன்றில் ரெசின், ஒன்றில் ஹார்டனர். அதில் இரண்டு பங்குக்கு இதில் ஒரு பங்கு. கோப்பையின் ஓரம், அடி எல்லாம் சுரண்டி இரண்டு நிமிடம் விடாமல் கலக்க வேண்டும். அளவு பிசகினாலும் கலக்கல் பிசகினாலும் பசை இறுகாது. இறுக ஆரம்பித்தாலோ யாருக்காகவும் நிற்காது. முதல் நாளே மாமா ஆசையில் ஒரு கோப்பை நிறையக் கலந்து வைத்துவிட்டுக் கண்ணாடியைத் தேடப் போனார். திரும்பி வருவதற்குள் கோப்பை சூடாகிப் புகைந்தது. அக்கா அதைக் கிடுக்கியில் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலந்தார். மரத்தூளைச் சேர்த்துப் பற்பசைப் பதத்துக்குக் கொண்டுவந்து, உட்புற மூலைகளில் வழித்து, வளைந்த கட்டையால் இழுத்துவிடுவார். யாரையும் கிட்டே விடவில்லை. கதவை உள்ளே சாத்திக்கொண்டார். பசை கோணல்மாணலாக, அலை அலையாக இருந்தது. அதை நாங்கள் பார்க்கக்கூடாது என்றுதான் கதவு.

ஒரு வாரம் காயவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கூப்பிட்டார். இனிக் கம்பிகளை உருவிவிடலாம், துணியைத் தைத்து முடித்ததும் ஓட்டுத்தையலைப் பிரிக்கிற மாதிரி. பெருமையோடு கம்பி பிடிக்கிற கொறடாவை எடுத்து, பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்து, முதல் கம்பியை இழுத்தார்.

கம்பி வந்தது. அதோடு பசையும் வந்தது. ஒரு முழ நீளத்துக்கு, ஸ்கேல் மாதிரி, கையோடு உரிந்து வந்தது. அவர் அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை இழுத்தார். அதுவும் வந்தது.

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருக்கிறதே.

"கை நடுங்கி அளவு எங்கயோ பிசகியிருக்கும் மாமா. இதுக்குத்தான் நாலு போல்ட்டப் போட்டுடலாம்னேன்" என்றேன்.

அவர் கொறடாவை மேசையில் வைத்தார். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "யாராச்சும் வெறகுக்கு எடுத்துக்கட்டும்" என்று மட்டும் அங்கிருந்து சொன்னார். அந்தக் குரலை நான் மறக்கவில்லை. என் வாயையும் நான் மன்னிக்கவில்லை.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உரிந்து கிடந்த பசைத் துண்டை எடுத்து நகத்தால் கீறினாள். கீறவில்லை. தரையில் தட்டினாள். கல் மாதிரி சத்தம்.

"அளவு தப்பியிருந்தா இது பிசுபிசுன்னுல்ல இருக்கணும்?" என்றாள். "நல்லாத்தானே இறுகியிருக்கு. இறுகியிருக்கு, ஆனா ஒட்டல."

துண்டைத் திருப்பிப் பார்த்தாள். மரத்தின் பக்கம் இருந்த முகம் வழுவழுவென்று பளபளத்தது. உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து, இஸ்திரி போடுமுன் துணிக்குத் தெளிப்பதுபோல, விரலால் படகுக்குள் தெளித்தாள். பலகையின் நடுவில் விழுந்த துளிகளை மரம் உடனே குடித்துவிட்டது. பசை உரிந்த ஓரத்தில் மட்டும் துளிகள் முத்து முத்தாக, ஒரே வரிசையாக, அப்படியே உருண்டு நின்றன.

"என்னங்க!" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள். "தச்சு முடிச்சிட்டு இதுக்குப் பெட்டி போட்டீங்களா?"

உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது.

"கேக்குறேன்ல? படகுக்கு இஸ்திரி போட்டீங்களா?"

"தச்சா பெட்டி போடாம எப்படி விடுறது?" என்றது சமையலறை. "நீலக் கோடு வேற பல்லைக் காட்டிக்கிட்டு இருந்துச்சு. பெட்டி வச்சா போயிடும்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துணியில் என்றால் கோடு போய்விடும். மரத்தில் எங்கே போகும்? மெழுகு உருகி, ஓரம் முழுக்கப் பரவி, உள்ளே இறங்கிவிட்டது. மெழுகு மேல் எந்தப் பசை பிடிக்கும்? நாற்பது வருடம் தைத்ததையெல்லாம் பெட்டி வைத்து அமர்த்திய மனிதர், படகையும் அமர்த்திவிட்டார். வெள்ளைச் சட்டையில் பட்டது எதன் கறை என்று இப்போது எனக்கும் புரிந்தது.

மாமா வாசற்படியில் வந்து நின்றார். முகத்தில் வெட்கமும் சந்தேகமும் கலந்திருந்தன. "நீ என்னைத் தேத்துறதுக்குச் சொல்ற. கைதான் காரணம்."

"முன்னாடி மூக்குப் பக்கம் பெட்டி போட்டீங்களா?"

"அங்க எங்க நுழையுது? குறுகலா இருக்கு. உப்புத்தாள் வச்சுத் தேச்சுக் கோட்ட எடுத்தேன்."

அக்கா கொறடாவை என்னிடம் நீட்டினாள். "டேய், போல்ட்டு! அந்தக் கம்பிய இழு."

இழுத்தேன். கம்பி மட்டும் வந்தது. பசை அசையவில்லை. உளியை வைத்துத் தட்டினேன். மரம்தான் சிம்பு சிம்பாகப் பெயர்ந்தது, பசை விடவில்லை. படகிலேயே இடுக்கான இடம் அது. அங்கேதான் பசை மிகவும் கோணல். கொழகொழவென்று, அலை அலையாக, அப்பட்டமாக நடுங்கிய கை போட்டது. இரும்பாக நின்றது.

"பாத்தீங்களா? தப்பு பண்ணது டெய்லரு. கையி இல்ல" என்றாள் அக்கா.

மாமா குனிந்து அந்தக் கோணல் பசையை ஒரு விரலால் தடவிப் பார்த்தார். மறுபடி தடவினார். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பெட்டிக் கறைக்கு நான்தான் காரணம்" என்று ஒப்புக்கொண்டார். அது எங்களுக்குப் பத்து நாளாகத் தெரிந்த விஷயம்.

மீதி எல்லாவற்றையும் உரித்தோம். தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, துடைத்த துணியை வீசிவிட்டு வேறு துணி எடுத்துத் துடைத்து, உப்புத்தாள் போட்டு, தண்ணீர் தெளித்துப் பார்த்து, முத்து நின்றால் மறுபடி முதலிலிருந்து. மூன்று வாரம் போனது. எல்லா இடத்திலும் மரம் தண்ணீரைக் குடித்த பிறகு, நன்றாகக் காயவிட்டுப் பசையை எடுத்தார்கள். இந்த முறை கதவு திறந்திருந்தது. மேசையின் அந்தப் பக்கம் மாமா, இந்தப் பக்கம் அக்கா. அவர் கலக்குவார், அவள் இழுப்பாள்.

"கலக்குறதுக்கு மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கைய வச்சா போதும், அதுவே கலக்கிக்கும்" என்றார் மாமா, கோப்பையைப் பிடித்துக்கொண்டு. தன் கையைப் பற்றி அவர் வேடிக்கையாகப் பேசி அன்றுதான் கேட்டேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்ததில் அவள் கையிலிருந்த பசை ஓரம் தாண்டிவிட்டது. காஜா எடுத்த கை அது, மற்றபடி பின்பக்கம் முழுவதும் சட்டை ஓரம் போலச் சீராக மடித்துவிட்டாள். மூக்குப் பக்கத்துக் கோணலையும் தேய்த்துச் சமமாக்கிவிடலாமா என்று மெஷினோடு போனேன். அக்கா குறுக்கே நின்றாள். "அதுல கைய வைக்காத."

ஊர் ஓரத்து ஏரியில் படகை இறக்கினோம். முதலில் மாமா மட்டும் துடுப்புப் போட்டு ஒரு சுற்றுப் போய்வந்தார். நான் உள்ளே குனிந்து ஒவ்வொரு மூலையாகத் துணியால் ஒற்றிப் பார்த்தேன். சொட்டு ஈரம் இல்லை. ஒரு போல்ட்டும் இல்லை.

அக்கா கரையில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேலையைச் சொருகிக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. பயம்தான், அவள் மறைக்கவும் இல்லை. துடுப்புப் போட நடுவில் உட்கார்ந்திருந்த மாமா, பின்பக்கப் பலகையைக் கையால் துடைத்துவிட்டார்.

"இங்க உக்காரு. இதெல்லாம் நீ ஒட்டினது. பயப்படாம உக்காரலாம்."

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு காலை எடுத்து வைத்தாள். படகு ஆடியது. பின்பக்கம் போகவில்லை. இரண்டு ஓரத்தையும் பிடித்தபடி மெல்ல முன்னால் தவழ்ந்து போய், மூக்குப் பக்கத்தில், அந்தக் கோணல் பசைக்குப் பக்கத்திலேயே கால்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அங்க வேண்டாம். முன்னாடி கனமாயிடும்" என்றார் மாமா. கண் மட்டும் அவள் காலடியில் இருந்த பசை மேலேயே இருந்தது.

"அப்ப நீங்க கொஞ்சம் பின்னாடி தள்ளி உக்காருங்க" என்றாள் அக்கா. "நான் இங்கதான் உக்காருவேன்."