கிளச்சுக் கம்பியும் பெரியத்தான் கொண்டுவந்த பூட்டும்

மோட்டார் சைக்கிள் வேலையில் வண்டியைவிட, அதைச் சுற்றி நிற்கிறவர்களைச் சமாளிப்பதுதான் பாடு. இப்போதுகூட புதுக் கம்பி மாட்டி, கிளச்சுப் பிடியை அமுக்கி அமுக்கித் தொய்வு பார்த்துக்கொண்டிருக்கிறேன். நடுநடுவே கையைத் துடைத்து எழுதுகிறேன். பிள்ளை தொட்டிலில் தூங்குகிறது. கிரீஸில் கை கறுத்த உங்களுக்கெல்லாம் என் கஷ்டம் புரியும்.

சாக்குத் திரை

குற்றால ரோட்டில் சாரலில் வழுக்கி விழுந்து என் வீட்டுக்காரருக்கு வலது கை ஒடிந்தது. தென்காசியில் எங்கள் ஷெட் மூடாமல் இருக்க, இவுக சொல்லச் சொல்ல நான் ஸ்பானர் பிடித்தேன். ஆம்பிளைகள் முன்னால் கூச்சம். சாக்கைத் திரையாகக் கட்டிக்கொண்டேன். அவர்களும் என்னிடம் நேரே பேசமாட்டார்கள். இலத்தூர்க்காரர் ஒருவர் திரையை ஒட்டி நின்றுகொண்டே இவுக காதில் சொன்னார்: "வே, பிடி ரொம்ப இறுக்கமா இருக்கு, இளக்கச் சொல்லும். நான் சொன்னேன்னு சொல்லிராதேயும்."

தேங்காய் எண்ணெய்

சீசனுக்கு வந்த ஜவுளிக்கடைக்காரர், அருவிக் குளியலுக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயைக் கம்பியின் உறைக்குள் ஊற்றிவிட்டார். சாரல் குளிரில் அது உறைந்து, அமுக்கின பிடி திரும்பி வரவில்லை. கம்பியை உருவி, அடுப்பங்கரை வெக்கையில் தொங்கவிட்டு இளக்கி, மண்ணெண்ணெயில் அலசினேன். அவருக்குத்தான் மனசு ஆறவில்லை: "தலைக்கு ஆவுற எண்ணெய் கம்பிக்கு ஆவாதாக்கும்? ரெண்டும் அருவிக்குத்தானய்யா வருது!"

பூட்டு

இவுக அண்ணன், எனக்குப் பெரியத்தான். புளியங்குடி எலுமிச்சை மூட்டை அடுக்க எங்கள் ஷெட்டை வாடகைக்கு விடப் பார்த்தார். "ஏலே, பொம்பள கையில ஸ்பானரா? ஊரே சிரிக்குது, மூடுலே!" என்று பூட்டோடு வந்து நின்றார். இவுக தலையைக் குனிந்துகொண்டாக.

பெரியத்தானிடம் நான் வாய் திறந்ததே இல்லை. அன்றும் திறக்கவில்லை. மலை எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் வண்டிக்காகக் காத்து நின்றார்; அதில் அப்போதுதான் மாட்டி முடித்த கம்பியைக் கழற்றி, பெரியத்தான் காலடியில் வைத்தேன். அடுத்தவர் வண்டி கழன்று கிடக்கையில் எப்படிப் பூட்டுவது? பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முழிக்க, ரைட்டர் சொன்னார்: "பூட்டுங்க அண்ணாச்சி. ஆனா மலைக்கு உங்க முதுகுலதான் நான் ஏறிப் போவணும்."

இனி ஷெட்டில் வண்டி இல்லாத நேரம் பார்த்துப் பெரியத்தான் வருவாராம். ஆகையால், கூட்டாளிகளே, பேசத் தெரியாதவளுக்கு ஒரு கம்பியைக் கழற்ற மட்டும் தெரிந்துவிட்டால், அவளை வீட்டுக்குள் போ என்று விரட்ட வருகிறவர்

"ஏட்டி, அண்ணன் வாராவ! மாட்டுனதக் கழத்து, சீக்கிரம்!"

இவுகதான் கூப்பிடுதாக, நான்