சிவப்புப் பேனாவின் நாற்பது வாரங்கள்

என் கணவரின் தங்கைக்கு அவள் மாணவர்கள் வைத்த பெயர் சிவப்புப் பேனா. பிழைப்புத் தேடி வேற்று நாட்டிலிருந்து வரும் பெரியவர்களுக்கு மாலைப் பள்ளியில் முப்பது வருடம் மொழி சொல்லிக்கொடுத்தவள். ஐம்பத்தைந்து வயதில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள்.

ஆய்வுக்கு ஒரே ஒருவர்தான். அவளிடம் புதிதாகப் படிக்க வந்த ரொட்டிக்கடைக்காரர். வாரம் அரை மணி நேரம் அவரைப் பேசவிட்டுப் பதிவு செய்தாள். நாற்பது வாரம்.

"முப்பது பேரை வெச்சுச் சராசரி எடுங்கம்மா," என்றார் நெறியாளர்.

"சராசரி மனுஷன் யாரும் என் வகுப்புக்கு வந்ததே இல்ல சார்."

தூக்கம், வேலை, தைரியம், எதிரில் நிற்பவரின் முகம் எல்லாம் ஒன்றையொன்று தள்ளித்தான் பேச்சு வளர்கிறது. அது படிப்படியாக ஏறாது, தடுமாறித் திடீரென்று தாவும் என்பது அவள் கட்சி. சிக்கலமைவுக் கோட்பாடு என்பார்களாம். ஆறும் அப்படித்தான் திடீரென்று ஏறுமாம். அதற்கான கணக்குமுறையைக் கற்க, வெள்ள முன்னறிவிப்பு அலுவலகப் பொறியாளரிடம் வாராவாரம் போனாள்.

ஆய்வேட்டைக் கொடுக்க மூன்று வாரம் இருக்கையில், வாராவாரப் பிழைகளைக் குறித்து அவள் வரைந்த கோட்டைப் பார்த்து அந்தப் பொறியாளர் சிரித்தார். "இது ஆறு இல்லம்மா, குழாய்த் தண்ணி. ஒரே சீராப் போகுது. நடுவுல யாரோ வடிகட்டியிருக்காங்க."

வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் பதினெட்டாம் வாரப் பதிவைப் போட்டாள். ரொட்டிக்கடைக்காரர் திக்கித் திணறுகிறார். அவள் எழுதிய தாளிலோ அழகழகான வாக்கியங்கள். கேட்டு எழுதும்போதே கை திருத்திவிட்டிருக்கிறது.

"அண்ணி, நாப்பதும் போச்சு."

"தாள்தானே போச்சு? பதிவு இருக்கில்ல? போய் முகத்தக் கழுவு."

"பட்டத்துக்கு இதுவே போதும்மா. இப்ப விட்டா ஒரு வருஷம் போயிடும், நானும் ஓய்வு பெற்றுடுவேன்," என்றார் நெறியாளர்.

அவள் அந்த ஒரு வருடத்தைக் கேட்டு வாங்கினாள். புது நெறியாளரையும் தேடிக்கொண்டாள். நாற்பதையும் மறுபடி எழுதினாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தயக்கத்துக்கும் நான் கோடு போட்டேன். செவிலியாக நோயாளிகளின் மூச்சை எண்ணிப் பழகிய காதுக்கு இது ஒரு வேலையா?

பதினாறிலிருந்து பத்தொன்பதாம் வாரம் வரை பிழைகள் மளமளவென்று ஏறின. இருபதாம் வாரம், வாடிக்கையாளரோடு போட்ட சண்டையை மனிதர் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். அவள் தேடிய தாவல் அதுதான்.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் கேட்டார்: "தப்பான பழைய தாள்களையும் பின்னிணைப்புல வெச்சிருக்கீங்களே, ஏன்?"

"வாத்தியார் காது என்ன பண்ணும்னு அடுத்து வர்றவங்களுக்குத் தெரியணும் சார்."

பட்டம் கொடுத்துவிட்டார்கள். புது நெறியாளர் தன் மாணவர்களுக்கு முதல் நாளே அந்தப் பின்னிணைப்பைப் படிக்கக் கொடுக்கிறாராம். பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி இப்போதெல்லாம் என்னைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.