ஆண்டியப்பனின் துண்டு

பஸ் நிற்பதற்குள் துண்டு உள்ளே போய்விடும். சந்தியில் வண்டி திரும்பும்போதே ஆண்டியப்பன் கூடவே ஓடுவார். தோளிலிருந்து துண்டை உருவி சன்னல் வழியாக வீசுவார். அது போய் விழுந்த இடம் தோட்டத்து ஆளுக்குச் சொந்தம். வெளியூர்க் கனவான் யாராவது அதை எடுத்து ஓரமாக வைத்தால், "ஐயா, அது துண்டில்லீங்க, ஆளு ஒக்காந்திருக்கு" என்பார்.

வேடிக்கை என்னவென்றால், அவர் எங்கும் போகிறவரில்லை. தோட்டத்தில் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை. இது அவராக எடுத்துக்கொண்ட உத்தியோகம். மருந்துக்குப் போகிற கிழவிக்கும் கைப்பிள்ளைக்காரிக்கும் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவார். டிரைவர் பியதாச, "ஆண்டி, டிக்கட் எடு!" என்று கத்துவான். "துண்டுக்கு அரை டிக்கட்டா, முழு டிக்கட்டா மாத்தயா?" என்று சிங்கள மரியாதையோடு பதில் வரும். இந்த மனிதரைப் பார்த்தாலே எனக்கு மனசு லேசாகிவிடும்.

பஸ் டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் சந்தி வெறிச்சோடிப் போயிற்று. பத்திரிகை வரவில்லை, கடையில் காய்கறி இல்லை. யாழ்ப்பாணத்து வாத்தியார் சிவபாதம் நானுஓயாவிலிருந்து நடந்து வந்து சேர்வதற்குள் பள்ளிக்கூடம் பாதி முடிந்துவிடும். ஸ்ட்ரைக் நீடிக்க வேண்டுமென்று பிள்ளைகள் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டதாகக் கேள்வி. கடைக்காரர் டிரைவர்களைத் திட்டினால் மட்டும் ஆண்டியப்பனுக்குப் பொறுக்காது.

"நாம கொழுந்து பறிக்க மாட்டோம்னு நின்னப்ப, வெளியாளுங்கள வேலைக்கு ஏத்திக்கிட்டு வரச் சொன்னாங்கல்ல? பியதாச என்னா செஞ்சான்? பஸ்ஸ நிப்பாட்டிட்டு எறங்கிப் போனான். சோறு திங்கிறவன் அத மறப்பானா?"

சொல்வது சுலபம். அவர் மகள் வேலாயிக்குப் பட்டிப்பொலையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. விடிந்தால் முகூர்த்தம். நானுஓயாவில் ரயிலைப் பிடித்தாக வேண்டும். அதை விட்டால் அன்றைக்கு வேறு ரயில் கிடையாது. சொந்தக்காரர்கள் முன்னால் நடந்துவிட்டார்கள். சீர்ச்சாமான் பெட்டி கனம் என்பதால், ஒரு லொறிக்காரன் சொன்ன சொல்லை நம்பி ஆண்டியப்பனும் மனைவி காளியாயியும் மகளும் தூறலில் காத்து நின்றார்கள். லொறி வரவில்லை.

பஸ் வந்தது. முன்னால் ஒரு பொலிஸ்காரர். ஓட்டுகிறவன், ஸ்ட்ரைக்கை உடைக்க பஸ் கம்பெனி பிடித்து வந்த புது ஆள். உள்ளே ஈ, காக்கை இல்லை. பக்கத்தில் வந்து நின்றும் விட்டது.

"ஏறுங்க, டிக்கட் வேணாம்" என்றான் அவன். கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது.

எத்தனை காலம் ஓடி ஓடி இடம் பிடித்த மனிதர்! இன்றைக்கு எல்லாச் சன்னலும் அவருக்காகத் திறந்து கிடந்தன. பழக்கத்தில் கை தோளுக்குப் போய்த் துண்டை உருவியும் விட்டது.

"என்னங்க பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? போடுங்க துண்ட!" என்று காளியாயி பதறினாள். "ரயிலு போயிருச்சுன்னா புள்ள கல்யாணம் என்னாகுறது?"

ஆண்டியப்பன் மகளைப் பார்த்தார். வேலாயி சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள்.

"வெரசா நடந்தா புடிச்சிரலாம்பா."

அவர் துண்டை முறுக்கினார். வட்டமாகச் சுற்றி, சும்மாடாகத் தலையில் வைத்துக்கொண்டு, பெட்டிக்குக் குனிந்தார்.